பட்டா யார் பேரில்? கர்நாடக சங்கீதமும் தமிழிசையும்

எங்கள் காலத்தில் ஒருவரைப் பற்றி "அவர் சுத்தக் கர்நாடகம்" என்று சொன்னால், அவருக்குத் தோடி பாடத் தெரியும் என்று அர்த்தமில்லை. குடுமியை எடுக்க மாட்டார், ஓட்டலில் காப்பி குடிக்க மாட்டார், மகளைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டார் என்று அர்த்தம். இதற்கே இன்னொரு சொல் பத்தாம்பசலி. (பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. முப்பத்து நாலு வருஷம் தாலுகா ஆபீசில் பசலி எண் போட்டே காலம் தள்ளியவன் நான். அதனால் அந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.)

ஆகவே, பெங்களூரில் 'அகம்' என்ற இசைக்குழுவினர் தங்கள் இசையைக் 'கர்நாடக புரோகிரசிவ் ராக்' என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புரோகிரசிவ் என்றால் முற்போக்கு. நம் வீட்டுப் பெரியவர்கள் அகராதிப்படி அது 'பத்தாம்பசலி முற்போக்கு' என்றாகிறது! கேட்டும் பார்த்தேன். தியாகராஜர் கீர்த்தனை, சுவாதித் திருநாள் தில்லானா, கூடவே மின்சார கிட்டாரும் டிரம்ஸும். காதுக்கு உறுத்தவில்லை, நன்றாகவே பாடுகிறார்கள்.

அந்த 'புரோகிரசிவ் ராக்' என்பது இங்கிலாந்தில் 1960களின் கடைசியில் தலையெடுத்தது. மூன்று நிமிஷத்தில் முடிகிற பாட்டு போதாது என்று நினைத்த பையன்கள், மேல்நாட்டு சாஸ்திரிய இசையையும் சிக்கலான தாளங்களையும் கலந்து நீளநீளமாக வாசித்தார்கள். யெஸ் என்ற குழுவின் 1972ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்று சுமார் 18 நிமிஷம் ஓடும். நம் ஆட்கள் ராகம் தானம் பல்லவிக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கேயும் இதற்கு என்ன பெயர் வைப்பது, 'ஆர்ட் ராக்' என்பதா, 'சிம்பொனிக் ராக்' என்பதா, யாரை உள்ளே சேர்ப்பது என்று ஐம்பது வருஷமாகச் சண்டை. அந்தச் சண்டை அவர்கள் பாடு. நம் சங்கீதத்துக்குக் 'கர்நாடக' என்ற பெயர் எப்படி ஒட்டியது, அதைக் கேள்வி கேட்டவர்கள் யார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கதையில் பாதி திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சுற்றியே நடக்கிறது.

முதலில் ஒரு சாதாரண விஷயம். நம் சின்ன வயதில் கோழி என்றால் கோழிதான். பிராய்லர் வந்த பிறகுதானே அது 'நாட்டுக்கோழி' ஆயிற்று? சங்கீதத்துக்கும் அதே கதி. இரண்டாவது ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும் வரை முதலாவதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. சிலப்பதிகாரத்தில் பண் இருக்கிறது, யாழ் இருக்கிறது, குழல் இருக்கிறது. அந்த இசைக்கு ஓர் ஊர்ப் பெயரோ நாட்டுப் பெயரோ தேவைப்படவில்லை. இன்றைக்கும் ராகங்களில் இதைப் பார்க்கலாம். ஹிந்துஸ்தானி காபி என்று ஒன்று வந்ததால்தான் பழைய காபி 'கர்நாடக காபி' ஆயிற்று.

வைணவ குருபரம்பரையில் இப்படிப்பட்ட ஒரு பெயர்ச் சண்டை கதையாகவே வருகிறது. சோழன் சபைக்கு இரண்டு பாடகிகள் வந்தார்களாம். ஒருத்தி பாடியது தேவகானம், மற்றவள் பாடியது மனுஷ்யகானம். அரசனுக்கு மனுஷ்யகானம்தான் பிடித்தது. தேவகானம் பாடியவள் மனம் நொந்து வீரநாராயணபுரத்துக்கு, அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து பாட, நாதமுனிகள் அதன் அருமையை உணர்ந்தார். திவ்யப் பிரபந்தத்தை அந்தத் தேவகானத்தில் அமைத்துத் தம் மருமக்கள் இருவருக்கும் கற்பித்தார் என்பது சம்பிரதாயம். ஸ்ரீரங்கத்து அரையர்கள் தங்கள் மரபை அங்கிருந்துதான் சொல்லிக்கொள்கிறார்கள். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக அவர்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் பாட்டும் உண்டு, அபிநயமும் உண்டு. அதைக் கச்சேரி என்று யாரும் சொல்லத் துணிந்ததில்லை. அதற்குப் பெயர் சேவை.

இனி 'கர்நாடக' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஹரிபாலர் என்ற சாளுக்கிய மரபினர் எழுதிய 'சங்கீத சுதாகரம்' என்ற வடமொழி நூலில்தான் கர்நாடக சங்கீதம், ஹிந்துஸ்தானி சங்கீதம் என்ற பிரிவு முதன்முதலில் வருகிறது என்று சங்கீதப் பாடப் புத்தகங்கள் நெடுநாளாய்ச் சொல்லி வருகின்றன. காலம் 1309க்கும் 1312க்கும் இடையே என்பார்கள். எழுதிய இடம் எது என்கிறார்கள் தெரியுமா? ஸ்ரீரங்கம். தரிசனத்துக்கு வந்த இடத்தில், இங்கிருந்த ஆடல் பாடல் மகளிர் கேட்டுக்கொண்டதற்காக எழுதினார் என்று சொல்வதுண்டு. அப்படியானால் காவிரிக் கரையில் இருந்த சங்கீதத்துக்கு அடைமொழி கொடுத்தவர் வெளியூர்க்காரர். அதில் ஆச்சரியம் என்ன? உள்ளூர்க்காரனுக்கு அது வெறும் சங்கீதம். வடக்கையும் பார்த்துவிட்டுத் தெற்கே வந்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். மாலிக் காபூரின் படையெடுப்பு நடந்ததும் அதே வருஷங்களில்தான்.

'தமிழ்நாட்டுச் சங்கீதத்துக்குக் கன்னட நாட்டுப் பெயரா?' என்று கோபப்படும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். கொள்ளிடத்தைத் தாண்டி சமயபுரம் பக்கம் போனால் கண்ணனூர் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சளர்கள் அங்கே ஒரு தலைநகரமே வைத்திருந்தார்கள். பிறகு வந்த விஜயநகரத்தார் தங்கள் ராஜ்யத்தையே கர்நாடகம் என்றார்கள். அவர்களுக்குப் பின் நாயக்கர்கள், நாயக்கர்களுக்குப் பின் நவாபு. ஆற்காட்டு நவாபை வெள்ளைக்காரன் 'கர்நாடிக் நவாப்' என்றான். அந்தக் கர்நாடிக் போர்களில் முக்கியமான முற்றுகை எந்த ஊரில்? நம் திருச்சிக் கோட்டையில். 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஒதுங்கிக் கடைசியில் சரணடைந்தது. ஆகவே 'கர்நாடகம்' என்ற சொல் அப்போது மைசூருக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. நம் தாயுமானவர் மலையும் அதற்குள் அடங்கியிருந்தது. பிறகு தேசப் படத்தில் அந்தப் பெயர் நகர்ந்து போய்விட்டது. சங்கீதத்தில் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பாட்டின் மொழியிலும் இதே கலப்புதான். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) தம் இராம நாடகக் கீர்த்தனையை அரங்கேற்றியது ஸ்ரீரங்கத்தில். 'ஏன் பள்ளிகொண்டீர்' என்று அவர் பெரிய பெருமாளைக் கேட்ட தமிழ்க் கீர்த்தனை அதையொட்டிப் பிறந்தது என்பார்கள். அவருக்கு அடுத்த தலைமுறையில் தியாகராஜர் இங்கே வந்து அதே பெருமாள்மேல் தெலுங்கில் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். காம்போதியில் 'ஓ ரங்கசாயி' அதில் ஒன்று. ஒரே சந்நிதி, ஒரே சயனக் கோலம், இரண்டு மொழி. பெருமாள் இரண்டுக்கும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் சபாக்கள் வந்த பிறகு நிலைமை மாறிற்று. இரண்டு மணி நேரம் தெலுங்கும் வடமொழியும் பாடிவிட்டு, மங்களத்துக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பாட்டு. அதற்குத் 'துக்கடா' என்று பெயர். துண்டு என்று பொருள்படும் வடக்கத்திச் சொல் அது. தமிழ்நாட்டில், தமிழர் காசு கொடுத்துக் கேட்கும் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு வைத்த பெயர் துண்டு! எனக்கு 'கர்நாடக' என்ற பெயரில் வருத்தமில்லை. இந்தத் 'துக்கடா' என்ற பெயரில் உண்டு.

இங்கே என் பழைய ஆபீஸ் மொழி உதவிக்கு வருகிறது. ஒரு நிலத்தைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. பட்டா யார் பேரில் என்பது ஒன்று. அடங்கலில் என்ன பயிர் என்பது மற்றொன்று. பட்டா ஒருவர் பேரில் இருக்கும், அதில் விளைவது வேறாக இருக்கும். தமிழிசைச் சண்டையில் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பட்டாக் கேள்வியைக் கேட்டவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். வைத்தியத்தில் சம்பாதித்ததைச் சங்கீதத்தில் செலவழித்த மனிதர். 1917இல் வெளியான 'கருணாமிர்த சாகரம்' என்ற அவருடைய பெரும் புத்தகத்தின் சாரம் இதுதான்: இன்று கர்நாடக சங்கீதம் என்று வழங்குவது பழந்தமிழர் இசையே. அவர் பாட்டின் மொழியை மாற்றச் சொல்லவில்லை. மூலப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். சுருதிக் கணக்கு, பாலை, பண் என்று பக்கம் பக்கமாக.

அடங்கல் கேள்வி பிறகு வந்தது. 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும், வானொலியிலும் வேண்டும் என்பது கோரிக்கை. ராஜாஜி, டி.கே.சி., கல்கி எல்லாரும் இந்தப் பக்கம். பெரியாரும் இந்தப் பக்கம். ராஜாஜியும் பெரியாரும் ஒரே பக்கம் நின்ற விஷயங்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இவர்களில் கல்கி போன்றவர்கள் கேட்டது பயிரை: தமிழிலும் பாடுங்கள். கர்நாடக சங்கீதம் என்ற பெயரோடு அவருக்குப் பகை கிடையாது.

சென்னை மியூசிக் அகாடமி அதே வருஷம் டிசம்பரில் எதிர்த்தீர்மானம் போட்டது. சாஸ்திரிய சங்கீதத்தின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கம், மொழியைப் பற்றிய எண்ணங்களால் அது குறையக் கூடாது என்பது அதன் கருத்து. கேட்டவர்கள் பயிரைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் மண்ணின் தரத்தைப் பற்றிச் சொன்னார்கள். தமிழில் பாடினால் தரம் குறையும் என்ற தொனி அதில் இருந்ததுதான் பலரை வெகுவாகச் சுட்டது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. டிசம்பர் சீசனில் இரண்டு முகாம், இரண்டு பெயர்.

அதன் பிறகுதான் 'தமிழிசை' என்ற சொல்லே இரண்டு பொருளில் ஓட ஆரம்பித்தது. ஒருவருக்குத் தமிழில் எழுதிய கீர்த்தனை தமிழிசை. இன்னொருவருக்குத் தேவாரப் பண்ணும் பிரபந்தமும்தான் தமிழிசை. மூன்றாமவருக்கு, தியாகராஜர் தெலுங்கில் பாடியதும் ராகத்தால் தமிழிசையே. ஒரே கூட்டத்தில் மூவரும் கைதட்டுவார்கள், மூவரும் வேறு வேறு விஷயத்துக்காக. சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டம் நடத்தி, எந்தப் பண் எந்த ராகம் என்று ஓதுவார்களையும் வித்வான்களையும் உட்கார்த்திப் பேசவைத்தது. உருப்படியான வேலை. மேடைப் பேச்சில் வராத தெளிவு அங்கே கொஞ்சம் வந்தது.

பெயர் வைப்பதில் பலர் வாழ்வும் அடங்கியிருக்கிறது. 1930களில் சதிர் என்ற ஆட்டம் பரதநாட்டியம் ஆயிற்று. பெயர் மாறிய பிறகு நல்ல குடும்பத்துப் பெண்கள் என்று சொல்லப்பட்டவர்கள் மேடைக்கு வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதை ஆடியவர்கள் மேடையை விட்டுப் போனார்கள்.

நம் ஊர் வானொலி நிலையம் 1939 மே 16ஆம் தேதி தொடங்கியது. வானொலிக்குப் பெயர் இல்லாமல் முடியாது. நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு கால்மணிக்கும் ஒரு தலைப்பு வேண்டும்: வாய்ப்பாட்டு, நாகசுரம், கிராமிய இசை. 1952க்குப் பிறகு கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது சினிமாப் பாட்டை விரட்டினார்கள். ஜனங்கள் பேசாமல் இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப வானொலி வளர்த்த வகைதான் மெல்லிசை. சாஸ்திரியமும் இல்லை, சினிமாவும் இல்லை.

சினிமாக்காரர்கள் அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1963இல் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டத்தைச் சென்னையில் சிவாஜி கணேசன் வழங்கினார். (சிவாஜியும் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர்தான்.) டி.கே. ராமமூர்த்தி திருச்சிக்காரர். அவருடைய தாத்தா யார் என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்: மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, அந்தக் காலத்துப் பெரிய பிடில் வித்வான். தாத்தா வாசித்தது கர்நாடக சங்கீதம், பேரன் வாசித்தது மெல்லிசை. வில் பிடித்த கை ஒரே குடும்பத்துக் கை.

சர்க்கார் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தது என்று பார்க்க வேண்டுமானால் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளிக்குப் போங்கள். என்னென்ன சொல்லித் தருகிறார்கள்? குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். பாடப் பிரிவுகளின் பெயரில் 'கர்நாடக'வும் இல்லை, 'தமிழிசை'யும் இல்லை. குரலிசை வகுப்பு ஒன்று, தேவார வகுப்பு வேறு. வாத்தியார்களும் வேறு.