அரசுப் பொருளும் சமயக் கல்வியும்

சுருளிமலைச் சாரலிலுள்ள சுருளிப்பட்டி போலும் சிற்றூர்களில் வாழும் சைவப் பெற்றோர்க்கும் உரியதொரு வினா உண்டு. எல்லாச் சமயத்தாரும் இறுக்கும் வரிப்பொருளைப் பெறும் பாடசாலை ஒரு சமயத்தையே கற்பித்தல் முறையாமோ என்பதே அது. இவ்வினா யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழக்காடப்பட்டது. 1816இல் ஆங்கு வந்த அமெரிக்க மிஷனாரே 1834இல் மதுரையிலும் தம் பணியைத் தொடங்கினராதலின், அவ்வரலாறு மதுரை நாட்டார்க்கு அயலதன்று.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அந்நாளில் அரசுப் பொருள் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளையே சார்ந்தது. நாவலர் பாடசாலை நன்கொடை பெற்றது ஏறத்தாழ இருபதாண்டு கழிந்த பின்னரே. அவர் 1872இல் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலையோ பொருண்முட்டால் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1891இல், நன்கொடை பெறும் பாடசாலைக்குக் கால் மைல் எல்லையுள் எழும் புதுப் பாடசாலைக்கு நன்கொடை இல்லை என விதி பிறந்தது. வீண்செலவு ஒழித்தல் அதற்குக் கூறப்பட்ட காரணம். முன்னரே இடம்பிடித்திருந்தோர் மிஷனாராதலின், பின்வந்த சைவரும் பௌத்தரும் அதனால் இடருற்றனர். 1923இல் தோன்றிய இந்துக் கல்விச் சபை ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை வளர்த்து இக்குறையைப் பெரிதும் போக்கிற்று.

பெற்ற நன்கொடை பின்னர் வேறொரு பயன் விளைத்தது. 1960, 1961 ஆண்டுகளின் சட்டங்களால் நன்கொடை பெற்ற பாடசாலைகளை இலங்கை அரசு ஏற்றது. மிஷன் பாடசாலைகளோடு சைவர் அரிதின் வளர்த்தனவும் அரசின்பாற் சென்றன. தனித்து நிற்க விரும்பிய பெரிய பாடசாலைகளும் கட்டணம் வாங்கலாகாது எனத் தடுக்கப்பட்டன.

இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இவ்வழக்கிற்கு வரம்பு கட்டிற்று. அரசுப் பொருளாலேயே முற்றும் நடக்கும் பாடசாலையில் சமய போதனை இல்லை. உதவி பெறும் பாடசாலையில் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையை அதற்கு வற்புறுத்தலாகாது. இவை 28ஆம் பிரிவின் கருத்து. கேரளக் கல்வி மசோதாவைப்பற்றி 1958இல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், உதவிக்குத் தக்க நிபந்தனை விதிக்கலாம் என்றும், அதுபற்றிச் சிறுபான்மையோரது ஆட்சியுரிமையைப் பறித்தலாகாது என்றும் தெளித்தது. அமெரிக்காவிலோ வழக்கு வேறு வழியிற் சென்றது. பெற்றோர் கைக்கு அரசு அளிக்கும் கல்விப்பொருள் அவர்தம் விருப்பால் சமயப் பாடசாலையைச் சேர்தல் குற்றமன்று என 2002இலும், தனியார் பாடசாலைக்கு அளிப்பதைச் சமயங்காரணமாக மறுத்தலாகாது என 2022இலும் ஆண்டுள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? அரசுப் பொருளில் சமபங்கு கேட்டல் நீதியே. நாவலர் காலத்துச் சைவர் கேட்டதும் அதுவே. ஆயினும் பிறர் கைப்பொருள் பிறர் ஆணையையும் உடன்கொணரும். பிள்ளையைப் பிறசமய வற்புறுத்தலினின்று காத்தற்குச் சட்டம் போதும். சைவத்தை அவனுக்கு ஊட்டுதற்குச் சட்டம் போதாது. அது வீட்டிலும் திருக்கோயிலிலும் திருமுறை ஓதுவிக்கும் பெற்றோர் கடன். அக்கடனை எவ்வரசும் தர வேண்டுவதில்லை. எவ்வரசும் எடுத்துக்கொள்ளவும் இயலாது.

சிவம்.