அயர்ன் மட்டைகள்: உயர் ஹேண்டிகேப் ஆட்டக்காரருக்கான மலிவுத் தேர்வு

கோல்ஃப் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் அதற்கு அடுத்த ஆண்டிலும் நடைமுறைக்கு வந்த விதி இது. அந்தப் பதினான்கில் பாதி இடத்தை அயர்ன் எனப்படும் உலோகத் தலை மட்டைகளே பிடித்துக்கொள்கின்றன. நடுத்தரத் தூரத்திலிருந்து பந்தைக் குழியைச் சுற்றியுள்ள கிரீனில் கொண்டுபோய் நிறுத்துவது அவற்றின் வேலை. செட்டாக வாங்குவதால், புதிதாக ஆட வருபவரின் செலவில் பெரும்பங்கும் பெரும்பாலும் அவற்றுக்கே போகிறது.

ஆட்டக்காரரின் திறனை ஓர் எண்ணில் சொல்வது ஹேண்டிகேப். 2020 ஜனவரியில் தொடங்கிய உலக ஹேண்டிகேப் முறை, ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்துக் கணக்கிடுகிறது. அதன் உச்ச வரம்பு 54. அதாவது 18 குழிகளில் குழிக்கு மூன்று அடி சலுகை. பேச்சுவழக்கில் 20ஐத் தாண்டியவர்களை உயர் ஹேண்டிகேப் ஆட்டக்காரர்கள் என்பார்கள். அவர்களுடைய அடி ஒவ்வொரு முறையும் மட்டை முகத்தின் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒரு பந்து முனையில் படும், அடுத்தது கழுத்தோரம் படும், இன்னொரு முறை பந்துக்கு முன்பே தரை பெயரும். நல்ல அடியை இன்னும் நல்லதாக்கும் மட்டையால் இவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. தவறிய அடியின் சேதத்தைக் குறைக்கும் மட்டைதான் இவர்களுக்கு வேண்டும். அப்படிப்பட்ட மட்டை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அயர்னின் வரலாறே சாட்சி.

அந்த வரலாற்றின் நடுவில் நிற்பவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தார். செருப்புத் தொழிலாளியான தந்தை குடும்பத்தோடு அமெரிக்காவின் சியாட்டிலில் குடியேறினார். மகனும் சில காலம் செருப்புத் தைத்துவிட்டுப் பொறியாளரானார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்தவர்கள் அழைத்ததால் 42 வயதில் முதன்முதலாகக் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். பந்தைக் குழியில் உருட்டும் பட்டர் அவருக்கு வசப்படவே இல்லை. கையைக் குறை சொல்லாமல் கருவியை ஆராயத் தொடங்கினார். எடை முழுவதும் நடுவில் குவிந்திருந்ததால், பந்து சற்று விலகிப் பட்டாலும் பட்டரின் தலை கையில் திருகிக்கொள்வதைக் கண்டார். எடையைத் தலையின் இரு ஓரங்களுக்கும் தள்ளி வைத்து ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய ஓசையே 'பிங்' என்று அதன் பெயராயிற்று. 1959இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், வீட்டுக் கார் கொட்டகையில் அந்த நிறுவனம் பிறந்தது. 1967இல் அவர் வேலையை விட்டு முழுநேரமும் மட்டை செய்யப் போனார். ஆட்டத்துக்குத் தாமதமாக வந்து தடுமாறிய ஒருவர், தன்னைப் போன்றவர்களுக்காகச் செய்த வடிவமைப்பு இது. இன்று கடையில் தொங்கும் தொடக்கநிலை அயர்ன்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த எண்ணம் இருக்கிறது.

பட்டரில் செய்ததையே அயர்னிலும் செய்தார். பழைய பாணி அயர்னுக்கு பிளேடு என்று பெயர். அதன் முதுகு தட்டையாகவும் திண்ணமாகவும் இருக்கும். முதுகைக் குடைந்து, அங்கிருந்து எடுத்த எடையை விளிம்பெங்கும் பரப்பினால் அது கேவிட்டி பேக். இரு முனையிலும் குடம் தொங்கும் காவுதடியைச் சட்டென்று திருப்ப முடியாதல்லவா, அதே இயற்பியல்தான் இங்கும். பந்து முனையில் பட்டாலும் தலை அதிகம் திருகாது. தூரத்தில் கொஞ்சம் குறையும், திசை பெரிதாகக் கெடாது.

விலை குறைந்ததற்கான காரணமும் இதே வடிவத்தில் இருக்கிறது. பிளேடுகளைக் கார்பன் எஃகிலிருந்து அடித்து உருவாக்கி, பின்பு தேய்த்து மெருகேற்றுவார்கள். அது உழைப்பு மிகுந்த வேலை. குடைவும் வளைவும் நிறைந்த கேவிட்டி பேக் தலைக்கு வார்ப்பு முறை பொருந்தியது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் அச்சு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். ஒரே மாதிரித் தலைகளை ஆயிரக்கணக்கில் வார்க்க முடிந்ததால், தவறைப் பொறுக்கும் மட்டை சாதாரண ஆட்டக்காரரின் கைக்கும் வந்தது. அடித்து உருவாக்கிய 'ஃபோர்ஜ்டு' மட்டைதான் உயர்ந்தது என்ற பேச்சு இன்னும் கடைகளில் கேட்கிறது. ஆனால் பந்து எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது தலையின் வடிவமும் எடைப் பரவலும். உயர் ஹேண்டிகேப் ஆட்டக்காரர் 'ஃபோர்ஜ்டு' என்ற சொல்லுக்காகத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

1982இல் பிங் வெளியிட்ட ஐ2 என்ற அயர்ன் இந்த வகையின் அடையாளமாகிவிட்டது. பார்வைக்கு அழகில்லை என்று சொன்னவர்கள்கூட அதை வாங்கினார்கள். பிறகு அது ஒரு வழக்கிலும் சிக்கியது. மட்டை முகத்தின் பள்ளக்கோடுகளின் ஓரம் பந்தின் தோலைக் கிழித்ததால், சோல்ஹைம் அந்த ஓரங்களைச் சற்று மழுக்கினார். மழுக்கியதில் கோடுகளுக்கு இடையிலான தூரம் விதியை மீறிவிட்டது என்றது அமெரிக்கக் கோல்ஃப் சங்கம். இல்லை என்றார் அவர். 1989இல் நீதிமன்றத்துக்குப் போன தகராறு 1990இல் சமரசத்தில் முடிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1க்கு முன் தயாரான ஐ2 மட்டைகள் செல்லும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2010இன் தொடக்கத்தில், தொழில்முறை ஆட்டத்துக்குப் பள்ளக்கோடு விதி இறுக்கப்பட்டபோது, தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன், குறுந்தூர அடிக்கான பழைய ஐ2 வெட்ஜ் மட்டை ஒன்றை எடுத்து வந்து ஆடினார். சமரசத்தின்படி அதைத் தடுக்க வழியில்லை. பிங் நிறுவனமே முன்வந்து தன் உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் அதற்குத் தடை வந்தது. பழைய மட்டை என்றாலே செத்த மட்டை என்று எண்ணுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

அப்படியானால் கடந்த நாற்பது ஆண்டுகளில் மாறியது என்ன? முகம் மெலிந்தது, எடை இன்னும் கீழே இறங்கியது, உள்ளே வெற்றிடமுள்ள தலைகள் வந்தன. எல்லாவற்றையும்விடக் கண்ணில் படாமல் மாறியது லாஃப்ட். மட்டை முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. ஒரு காலத்தில் 7ஆம் எண் அயர்னின் லாஃப்ட் 35 பாகையை ஒட்டி இருந்தது. டைட்லிஸ்ட் 2023இல் வெளியிட்ட இரண்டு வகைகளை எடுத்துக்கொண்டால், தேர்ந்தவர்களுக்கான டி100இன் 7ஆம் அயர்ன் 34 பாகை. உதவி வேண்டுபவர்களுக்கான டி350இன் 7ஆம் அயர்ன் 29 பாகை. நிறுவனம் ஒன்று, எண் ஒன்று, இடையே ஐந்து பாகை. பழைய கணக்கில் அது ஒரு முழு மட்டைக்கும் மேற்பட்ட வித்தியாசம். கடைத் திரையில் புதிய 7ஆம் அயர்ன் பழையதைவிடப் பல கெஜம் கூடுதலாகப் போவது பெரும்பாலும் இதனால்தான். இதில் ஏமாற்று மட்டுமே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எடை கீழே இருந்தால் பந்து தானாகவே உயரும். பறக்கும் உயரம் அளவோடு இருக்க லாஃப்டைக் குறைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மட்டை வீச்சு மெதுவாக உள்ளவருக்கு அந்தக் கணக்கு சரிவராமல் போகலாம். பந்து தாழப் பறந்து, கிரீனில் விழுந்து, நிற்காமல் ஓடிவிடும். தூரம் கூடியதற்காகக் கொடுத்த பணம் அங்கே வீண்.

இந்த லாஃப்ட் போட்டியில் ஒரு மறைமுகச் செலவும் ஒளிந்திருக்கிறது. பிங் ஜி430 செட்டின் பிட்சிங் வெட்ஜ் 41 பாகை. மணல் குழியிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ் வழக்கமாக 56 பாகை. இடையில் 15 பாகை பள்ளம். அந்த இடைவெளியில் விழும் தூரத்துக்குப் பையில் மட்டையே இருக்காது. அதனால் 48 பாகையை ஒட்டி ஒரு மட்டை கூடுதலாக வாங்க வேண்டிவரும். செட்டின் விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது.

மலிவாக வாங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது அளவுப் பொருத்தத்தில்தான். மட்டையைத் தரையில் வைத்தால் அதன் தண்டு, அதாவது ஷாஃப்ட், தரையோடு ஒரு கோணத்தில் சாய்ந்து நிற்கும். அதற்கு லை என்று பெயர். உடலுக்குத் தேவையானதைவிட மட்டை நிமிர்ந்திருந்தால் அடிக்கும்போது தலையின் முனை மேலே தூக்கும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். படுத்திருந்தால் வலப்பக்கம். தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் வீச்சைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சரிபார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. பந்தின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு கிழித்து, கோடு மட்டை முகத்தைப் பார்க்கும்படி செங்குத்தாக வைத்து அடித்தால், அதன் அச்சு முகத்தில் பதியும். அச்சு நேராக நின்றால் லை பொருந்துகிறது, சாய்ந்தால் இல்லை.

லை விஷயத்தில் பிங் செய்த ஏற்பாடு பழைய மட்டை வாங்குபவருக்கு இன்றும் உதவுகிறது. 1972 முதல் அந்த நிறுவனம் மட்டைத் தலையில் வண்ணப் புள்ளி வைக்கிறது. கருப்பு இயல்பான கோணம். நீலமும் பச்சையும் நிமிர்ந்தவை. சிவப்பும் ஆரஞ்சும் படுத்தவை. ஆட்டக்காரரின் உயரத்தையும், நிற்கும்போது மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து வண்ணம் தேர்வார்கள். மற்ற நிறுவன மட்டைகளைக் கடையில் வளைத்துச் சரிசெய்ய முடியுமா என்பது உலோகத்தைப் பொறுத்தது. அடித்து உருவாக்கிய கார்பன் எஃகு எளிதில் இணங்கும். வார்ப்புக்குப் பயன்படும் 17-4 துருப்பிடிக்காத எஃகு கடினமானது. ஓரளவுக்கு மேல் வளைத்தால் உடையும் ஆபத்து உண்டு.

ஷாஃப்டின் எடையும் முக்கியம். தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் பெயர்பெற்ற டைனமிக் கோல்ட் எஸ்300 எஃகு ஷாஃப்ட் சுமார் 130 கிராம். ஜப்பானின் நிப்பான் நிறுவனத்தின் 950ஜிஹெச் போன்ற இலகு எஃகு வகைகள் 100 கிராமுக்குள் அடங்கும். கிராஃபைட்டில் 60, 70 கிராமுக்கும் கிடைக்கிறது. பழைய செட்டில் எஸ்300 பூட்டியிருந்தால், வயதானவருக்கோ வேகம் குறைந்தவருக்கோ அது பாதி ஆட்டத்திலேயே தோளைச் சோர வைக்கும். விலை எவ்வளவு இறங்கினாலும் அதை விட்டுவிடலாம்.

3, 4 எண் அயர்ன்களையும் விட்டுவிடலாம். லாஃப்ட் குறைந்த அந்த நீள மட்டைகளால் பந்தை உயரே எழுப்ப வேகம் வேண்டும். அவற்றுக்குப் பதிலாகப் பருத்த தலையுள்ள ஹைபிரிட் மட்டைகள் வந்துவிட்டன. 2000களில் ஆடம்ஸ் கோல்ஃப் தன் ஐடியா வரிசையில் ஹைபிரிட்டுகளையும் அயர்ன்களையும் ஒரே செட்டாக விற்றுப் பெயர் வாங்கியது. 2012இல் டெய்லர்மேட் அந்த நிறுவனத்தை வாங்கியது. பழைய ஐடியா செட்டுகள் இன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. பணமும் நேரமும் குறைவாக உள்ளவருக்கு அவை நல்ல தேர்வு.

புதியதாகவே வேண்டுமென்பவர்களுக்கும் வழிகள் உண்டு. சென்னையிலும் கடைகள் வைத்திருக்கும் பிரெஞ்சு நிறுவனமான டெகாத்லான், இனெசிஸ் என்ற பெயரில் தொடக்கநிலை மட்டைகளை விற்கிறது. காலவேயின் ஸ்ட்ராட்டா, பையோடு சேர்த்து முழு செட்டாக வருகிறது. பின்லாந்தின் டகோமோ, அமெரிக்காவின் சப் 70 போன்றவை இடையில் கடைக்காரர் இல்லாமல் நேரடியாக விற்பதால் விலையை வெகுவாக இறக்கியிருக்கின்றன. ஆனால் நேரில் பார்க்காமல் இணையத்தில் வாங்கும்போது லையும் நீளமும் முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். பெட்டி செட்டுகள் ஓராண்டு ஆடிப் பார்க்கப் போதும்; ஆட்டம் பிடித்துப்போனால் மறுபடி செலவு வரும். அந்தப் பணத்துக்கு, சில ஆண்டுகள் பழகிய பிங் ஜி25 (2013) அல்லது ஜி400 (2017) போன்ற செட் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே சிறந்தது. அயர்ன் தலை எளிதில் தேய்ந்து போகும் பொருள் இல்லை. புதிய மாதிரி வந்ததும் பழையதன் விலை இறங்குகிறது. அதன் இயற்பியல் இறங்குவதில்லை.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் போலிகளும் உலவுகின்றன. அக்குஷ்னெட், காலவே, டெய்லர்மேட், பிங் முதலிய நிறுவனங்கள் 2004இல் போலி ஒழிப்புக்காக ஒரு கூட்டுக் குழுவே அமைத்தன. நம்ப முடியாத விலைக்கு வரும் புத்தம்புது செட்டைச் சந்தேகிப்பது நல்லது. பிங் மட்டைகளின் கழுத்தில் வரிசை எண் பொறித்திருக்கும். அதைச் சொல்லி நிறுவனத்தைக் கேட்டால் அந்த மட்டை எந்த நீளத்தில், எந்த லையில், எந்த ஷாஃப்டோடு வெளியே போனது என்று தெரிந்துகொள்ளலாம்.

நேரில் பார்க்கும்போது முதலில் வெட்ஜையும் 9ஆம் அயர்னையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிகம் உழைத்து முதலில் தேய்வது அவற்றின் பள்ளக்கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் கோடு தட்டுப்பட வேண்டும். எல்லா மட்டையிலும் ஒரே ஷாஃப்ட்தானா என்று அதன் பட்டையில் படித்துப் பார்க்க வேண்டும். உடைந்த ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று பூட்டியிருப்பார்கள். தலையைப் பிடித்து முறுக்கினால் கழுத்தில் அசைவோ கிறீச்சென்ற ஒலியோ இருக்கக் கூடாது. கிராஃபைட் என்றால் விரலால் நீளவாக்கில் தடவி விரிசல் தேட வேண்டும். கைப்பிடி ரப்பர் இறுகிப் பளபளத்துப் போயிருந்தால் அது செட்டை ஒதுக்கக் காரணமாகாது. ஒரு செட் கிரிப்பை மாற்ற ஆகும் செலவு சிறியது. அதை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.