கூலிக் கணக்கில் இல்லாதவள்

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில், கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் இருக்கிறது ஸ்டோக் புரூர்ன் என்ற சிற்றூர். கரையோரத்துப் பழைய தானிய ஆலை 1963 முதல் கால்வாய் அருங்காட்சியகம். ரோஜாப்பூவும் கோட்டையும் தீட்டிய தண்ணீர்க் குடங்கள் இந்தக் கால்வாய்களின் அடையாளமாகிவிட்டன. அந்தக் குடத்தைத் தூக்கியவளின் கதை அவ்வளவு வண்ணமயமானதல்ல.

ஊரை அடுத்து 1805இல் திறந்த பிளிஸ்வொர்த் சுரங்கம். நீளம் சுமார் 2.8 கிலோமீட்டர். உள்ளே குதிரை நடக்கப் பாதை இல்லை. ஆண்கள் படகில் படுத்துச் சுவரைக் காலால் உதைத்து நகர்த்தினார்கள். அவர்களைச் சொல்லாமல் யாரும் இந்த ஊரைப் பற்றிப் பேசுவதில்லை. அது கூலி வேலை, அதனால் வேலையாகத் தெரிந்தது.

1838இல் லண்டன்–பர்மிங்காம் ரயில் வந்தது. சரக்குக் கட்டணம் சரிந்தது. கரையில் வீட்டு வாடகை, படகில் துணையாளுக்குக் கூலி, இரண்டும் கட்டுப்படியாகவில்லை. முன்பே சில குடும்பங்கள் படகில் வாழ்ந்தன. இப்போது அது பெருகியது. சுமார் பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம் கொண்ட அறைதான் சமையல், படுக்கை, பிரசவம் எல்லாவற்றுக்கும். பெண் சுக்கான் பிடித்தாள், மதகுக் கதவைத் தள்ளினாள், நடை பழகும் குழந்தை தண்ணீரில் விழாமலிருக்கக் கூரையில் கயிற்றால் கட்டிவைத்தாள். ஏற்றிய டன்னுக்கு ஏற்ற கூலியோ கணவன் கையில். ரயிலோடு போட்டியிட்டுக் கால்வாய் நூறாண்டு தாக்குப்பிடித்ததில் பெரும்பங்கு இந்தக் கூலியில்லா உழைப்புக்கு உண்டு என்பேன். 1877ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுச் சட்டம் ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கலாம் என்று வரையறுத்தது. அந்தப் பெண்ணின் கூலியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

படகு நின்றால் வருமானமும் நிற்கும். அதனால் நோயோடும் வயிற்றுப்பிள்ளையோடும் ஓட்டினார்கள். அவர்களுக்காக ஸ்டோக் புரூர்னில் தன் வீட்டையே மருத்துவ நிலையமாக்கினார் செவிலியர் மேரி வார்ட். பல பத்தாண்டு காலச் சேவைக்கு 1951இல் அரசு பதக்கம் அளித்தது.

இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை. பயிற்சி பெற்ற இளம்பெண்கள் சிலர் படகோட்ட வந்தார்கள், பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர். உள்நாட்டு நீர்வழியைக் குறிக்கும் ‘ஐ.டபிள்யூ.’ முத்திரை அணிந்திருந்ததால் ‘ஐடில் விமன்’, அதாவது சும்மா இருக்கும் பெண்கள், என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. சூசன் வுல்ஃபிட், எம்மா ஸ்மித் போன்றோர் பின்னர் புத்தகம் எழுதினார்கள். கால்வாய்ப் பெண் என்றதும் இன்று நினைவுக்கு வருபவர்கள் இவர்கள்தாம். பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க நேரமில்லாத படகுக்காரிகளில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

ஓர் இழுவைப் படகு, பின்னால் ஒரு துணைப் படகு. இந்த இணையை ஓட்டப் போர்க்காலத்தில் மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். மூவருக்கும் சம்பளம் கொடுத்தார்கள்.