விரற்கிடையும் மில்லிமீட்டரும்: பலகை அளந்த கதை

கோவையிலோ பொள்ளாச்சியிலோ ஒரு மரக்கடைக்குள் நுழைந்தால், ஒரே கூரையின் கீழ் பல காலங்களின் அளவுகள் புழங்குவதைக் காணலாம். பிளைவுட் எட்டுக்கு நாலு அடி; அதன் கனமோ 18 மில்லிமீட்டர். தேக்கின் விலை கன அடிக் கணக்கில். வீட்டுக்காரர் கையிலிருக்கும் வரைபடம் மீட்டரில் இருக்க, மனைப்பொருத்தம் பார்ப்பவர் 33 அங்குலத் தச்சு முழத்தில் குழிக்கணக்குப் போடுகிறார். இதனைக் குழப்பம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒவ்வோர் அளவும் ஒரு காலத்தின் எச்சம். ஓர் அளவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் ஒரு சிறு பின்னம் கைமாறுகிறது. அது யார் கைக்குப் போகிறது என்பதே நம் கேள்வி.

நம் பழைய நீட்டலளவை உடலிலிருந்து பிறந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் தரும் வாய்பாட்டில் 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். ஆயினும் முழம் என்பது எங்கும் ஒரே நீளமாக இருந்ததில்லை. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் 24, 25, 26, 27 விரல் கொண்ட நால்வகை முழங்களைக் கூறுகின்றன. அளக்கப்படும் பொருளுக்கேற்ப முழம் மாறியது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உலகளந்தான் கோல், மாளிகைக் கோல், கடிகைக்களத்துக் கோல் எனப் பல கோல்கள் வருகின்றன. பெயர் ஒன்று, நீளம் வேறு என்றால் வழக்கு எழத்தானே செய்யும்? கோயிற் சுவர்களில் அளவுகோலின் நீளத்தையே வெட்டிவைத்ததன் பொருள் இதுதான். ஐயம் வந்தால் எவரும் தம் கோலைச் சுவரில் வைத்துப் பார்க்கலாம். அளவு அங்கே பொதுச்சொத்தாக இருந்தது.

கோலைக் கையாண்ட கைகளையும் நாம் மறக்கலாகாது. கொங்குநாட்டுக் கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்துடன் ஓர் அரசன் விடுத்த ஆணை அது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே செல்கையில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அது உரிமை தருகிறது. தச்சரும் கம்மாளருள் ஒரு பிரிவினர். ஊருக்கெல்லாம் வீடு அளந்து கட்டிய கைகள், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் அரசாணை வேண்டியிருந்தது. அளப்பவன் அறிவுக்கும் அவன் பெற்ற மதிப்புக்கும் இடையே இருந்த தூரத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரம் அளக்கும் அதிகாரம் வேறிடம் போயிற்று. பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு அனுப்புவதற்காக 1848இல் மைக்கேல் என்னும் படை அலுவலர் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். வெட்டிய மரங்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடமே இன்றைய டாப்சிலிப். உருண்டை மரத்துக்கு வெள்ளையர் கொண்டுவந்த கணக்கு, 1736இல் லண்டனில் ஹாப்பஸ் என்பவர் வெளியிட்ட வாய்பாட்டின் வழிப்பட்டது: சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குக. 8 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள மரம் இம்முறையில் 40 கன அடி. வட்டக் கணக்கின்படி உண்மை அளவோ ஏறத்தாழ 51. அறுக்கையில் கழியும் பக்கப்பட்டையும் மரத்தூளும் இந்த வேறுபாட்டில் அடங்கும் என்பது நியாயம். இப்பின்னம் வெளிப்படையானது. வாங்குபவர், விற்பவர் இருவரும் அறிந்தே ஏற்றுக்கொண்டது.

அடுத்து வந்தது மெட்ரிக். 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1959இல் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் ஆயிற்று. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் மெட்ரிக்கையே கட்டாயமாக்குகிறது. ஆனால் கடையின் நாவில் அடியும் அங்குலமும் அழியவில்லை. பின்னம் ஒளிந்துகொள்வது இங்கேதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 அடி நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள பலகைகள் 120 இருந்தால் சரியாக 100 கன அடி. இவற்றையே எளிமை கருதி 3 மீட்டர், 30 சென்டிமீட்டர், 25 மில்லிமீட்டர் என்று முழு எண்ணாக்கி அறுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பக்கத்திலும் குறைவது நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூன்று பக்கமும் பெருகி வருகையில் மரம் 95.35 கன அடியாகச் சுருங்கிவிடுகிறது. பெயரளவில் 100 என்றே விலை போட்டால், நாலரைக் கன அடிக்கு மேல் இல்லாத மரத்துக்குப் பணம் கொடுத்தவராகிறோம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சற்றே வசதி பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே.

ஆகவே வீடு கட்டுவோர் கொள்ளவேண்டிய நெறி எளியது. மரத்தை எந்த அலகில் அறுத்தார்களோ அந்த அலகிலேயே நாடா வைத்து அளக்கவேண்டும். நீளம், அகலம், கனம் மூன்றையும் அப்படியே பெருக்கிய பின்னர், இறுதியில் ஒரே ஒருமுறை மாற்றவேண்டும். ஒரு கன மீட்டர் 35.315 கன அடி. இடையில் எந்த எண்ணையும் முழுமையாக்கலாகாது.

நம் முன்னோர் வெவ்வேறு கோல்களோடு வாழ்ந்தவர்கள்தாம். ஆனால் எந்தக் கோலால் அளந்தோம் என்பதை நிலத்தின் அளவோடு சேர்த்தே கல்லில் எழுதினார்கள். இன்றைய மரக்கடை ரசீதிலும் அந்த ஒரு வரி இருந்தால் போதும்.