முதல் மழைக்கு முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு

போன மாசம் பெரியப்பா போன் பண்ணி, "மண்ணு டெஸ்ட் பண்றவங்க ஏமாத்துறாங்கடா"ன்னு கத்தினார். கோடையில எடுத்த மண்ணுல தழைச்சத்து ஒரு அளவு. மழைக்கு அப்புறம் அதே வயல்ல எடுத்தா வேற அளவு. நடுவுல உரமே போடலை. இப்போ எதை நம்பி யூரியா வாங்குறது? மூட்டைக் கணக்குல காசு போற விஷயம். பார்த்துச் சொல்றேன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் கென்யாவுல போய் நின்னுச்சு.

1950கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கென்யா. நைரோபி பக்கத்தில் முகுகா என்ற ஊரில் ஒரு வேளாண் ஆய்வு நிலையம். அங்கே ஹெச். எஃப். பர்ச் என்ற மண் விஞ்ஞானி. அந்த ஊர் வெயில் மண்ணைச் சுட்டுக் காயவைக்கும், அப்புறம் மழை வரும். பர்ச் அதையே ஆய்வகத்தில் செய்து பார்த்தார். மண்ணை நன்றாக உலர்த்தி, நனைத்து, அளந்தார். நனைந்ததும் கரியமில வாயு குபுகுபுவெனக் கிளம்பியது. மட்கில் பூட்டிக் கிடந்த நைட்ரஜனும் பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறியது. கொஞ்ச நாளில் வேகம் அடங்கிவிடும். மறுபடி காயவைத்து நனைத்தால், மறுபடி அதே கூத்து! 1958-ல் இதை விரிவாக எழுதினார். இன்னிக்கும் அதுக்கு 'பர்ச் விளைவு'ன்னுதான் பேர்.

காயும்போது நிறைய நுண்ணுயிர்கள் செத்துடும். ஈரம் பட்டதும், பிழைச்சது எழுந்து செத்ததைத் தின்னும். அதான் விஷயம். ஆனா இப்படி உருவாகிற நைட்ரேட் தண்ணியில கரையும். கனமழை தொடர்ந்தா வேருக்குக் கீழே இறங்கிடும். முதல் மழையோட விதைச்சவருக்குக் கிடைக்கிறது, தாமதிச்சவருக்குக் கிடைக்காம போகலாம்.

பர்ச் முதல் ஆள் இல்லை. மண் காய்வது வளத்தைக் காக்கும் இயற்கைக் காரணங்களில் ஒன்று என்று லெபெட்யான்ட்செவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1924-லேயே எழுதிவிட்டார். திருக்குறளில் உழவு அதிகாரத்துலகூட, புழுதியைக் கால் பங்காகக் காயவிட்டா ஒரு பிடி எருவும் வேண்டாம்னு வருது. உடனே 'வள்ளுவருக்கு நைட்ரஜன் தெரியும்'னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. வயலைக் கூர்ந்து கவனிச்சவங்க இருந்திருக்காங்க, அவ்வளவுதான்.

பெரியப்பாகிட்ட சொன்னேன்: "ரெண்டு நம்பரும் சரியா இருக்கலாம். இனிமே வருஷா வருஷம் ஒரே மாசத்துல, விதைக்கிறதுக்கு முன்னாடி மண்ணு எடுங்க. அப்பதான் ஒப்பிட முடியும்."

"சரிடா, இந்த வருஷம் எத்தனை மூட்டை?"ன்னார்.