சிரித்தவரும் சிரிக்காதவரும்

முகமது அலியை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1980-இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் குத்துச்சண்டை போட்டுக் காட்டியதும், எம்.ஜி.ஆர். அதைக் காண வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இன்று நான் எழுத உட்கார்ந்தது அவருக்கு முன்னால் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த இரண்டு கறுப்பின வீரர்களைப் பற்றி. ஒருவர் ஜாக் ஜான்சன், மற்றவர் ஜோ லூயிஸ். முன்னவர் எப்போதும் சிரித்தார். பின்னவரைச் சிரிக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் இருவரையும் என்ன பாடுபடுத்தின என்பதுதான் விஷயம்.

ஜான்சன் 1878-இல் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வஸ்டனில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அந்தக் காலத்து வெள்ளைச் சாம்பியன்கள் கறுப்பருடன் பட்டத்துக்கு மோத மாட்டார்கள். ஜான்சன் அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை ஊர் ஊராகத் துரத்திக்கொண்டு போய், கடைசியில் 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அடித்து வீழ்த்தினார். அந்தச் சண்டையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதியவர் வேறு யாருமல்ல, நாவலாசிரியர் ஜாக் லண்டன்தான். ஏழை எளியவர்களுக்காகப் பேனா பிடித்த அந்த மனிதர், ஓய்வு பெற்று விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஜெஃப்ரீஸ் திரும்பி வந்து ஜான்சனின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பைத் துடைத்தெறிய வேண்டும் என்று எழுதினார். அடியைவிடச் சிரிப்புதான் அவர்களை அதிகம் உறுத்தியது.

ஜெஃப்ரீஸும் வந்தார். 1910 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். நெவாடா மாநிலத்து ரீனோவில் 15-ஆவது ரவுண்டில் ஜெஃப்ரீஸ் கீழே விழுந்தார். அன்றிரவு பல ஊர்களில் கலவரம். செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். லாஸ் ஏஞ்சலஸில் வந்த ஒரு பெரிய பத்திரிகை, கறுப்பர்களுக்குப் புத்திமதி சொல்லித் தலையங்கமே எழுதியது: யாரோ ஒருவர் ஜெயித்ததற்காக நீங்கள் மார்பை நிமிர்த்த வேண்டாம், உங்கள் நிலை ஒன்றும் மாறிவிடவில்லை என்ற பொருளில். சண்டையின் சினிமாப் படத்தைப் பல நகரங்கள் தடை செய்தன. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகக்கூடாது என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. தோற்ற வெள்ளையரின் உருவம் திரையில் ஓடக்கூடாது என்பதற்காக ஒரு தேசம் சட்டம் இயற்றியதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஜான்சனும் சும்மா இருந்தவரல்ல. தங்கப்பல், வேகமான மோட்டார் கார்கள், விலையுயர்ந்த உடைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மணந்தது வெள்ளைப் பெண்களை. கேலிச் சித்திரக்காரர்கள் அவரை மனிதராகவே வரையவில்லை. கறுப்பினத் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன்கூட அவர் நடத்தையைக் கண்டித்தார். ஒருவர் செய்தால் அந்தப் பழி சமூகம் முழுவதற்கும் வருமே என்ற பயம். விபசாரத்துக்காகப் பெண்களைக் கடத்துவதைத் தடுக்க வந்த சட்டத்தை, பழைய சிநேகிதி ஒருத்தியைச் சாட்சியாக்கி, அவர்மேல் திருப்பினார்கள். 1913-இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை ஒரு வருடமும் ஒரு நாளும். அவர் கனடா வழியாகப் பிரான்சுக்குத் தப்பிவிட்டார்.

பிரான்சில் படித்த வாசனை உள்ளவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் இதில் பெருந்தன்மையானவர்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பள்ளியில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பாரீஸில் ஜான்சனுக்கு வரவேற்பு இருந்தது உண்மை. 1914 ஜூன் 27-இல் அவர் அங்கே ஃபிராங்க் மோரனை வென்றார். மறுநாள் சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது, உலகம் அவரை மறந்தது. ஆனால் சில ஆண்டுகள் கழித்து, 1922-இல், செனகல் நாட்டு பேட்லிங் சிக்கி என்ற வீரர் பிரான்சின் செல்லப்பிள்ளை கார்ப்பாந்தியேவை பாரீஸிலேயே வீழ்த்தியபோது அங்குள்ள பத்திரிகைக்காரர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ‘ஷாம்பியோன்ஸே’. சாம்பியன் என்ற சொல்லையும் சிம்பன்ஸிக் குரங்கின் பெயரையும் பிரெஞ்சில் ஒட்டவைத்த சிலேடை. அவரோ முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர். நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னம் எந்தப் போருக்காகக் கட்டப்பட்டதோ, அதே போர். சிலேடை நன்றாகப் புரிகிற அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரிந்திருப்பதில் அன்றைக்கு மகிழ்ச்சி இல்லை.

ஜான்சன் 1915-இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் பட்டத்தை இழந்தார். அதன் பிறகு 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே தரப்படவில்லை. அதனால்தான் ஜோ லூயிஸின் மேனேஜர்கள், அவர்களும் கறுப்பர்கள், அவருக்கு விதிகள் வகுத்தார்கள். வெள்ளைப் பெண்ணுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ளக்கூடாது. இரவு விடுதிக்குத் தனியே போகக்கூடாது. விழுந்தவன்மேல் நின்று கொக்கரிக்கக்கூடாது. காமிரா முன் முகத்தில் உணர்ச்சி காட்டக்கூடாது. அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஆயுள் முழுக்கப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவற்றில் பாதிக்கு மேல் நடத்தையைப் பற்றியதே அல்ல. ஜான்சன் மாதிரித் தெரியக்கூடாது என்பதுதான் ஒரே விதி.

லூயிஸ் ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். பலன்? முகத்தில் உணர்ச்சியே இல்லை, காட்டு மிருகம்போல என்று எழுதினார்கள். தூங்குமூஞ்சி என்றும், தீனிக்காரர் என்றும் எழுதினார்கள். சிரித்தால் திமிர், சிரிக்காவிட்டால் மிருகம். 1936-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றபோது அதிலும் சிலருக்குத் திருப்தி. 1937-இல் பட்டம் வென்றார். 1938 ஜூன் 22-இல் அதே ஷ்மெலிங்கை நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் 124 விநாடிகளில் முடித்தபோது எல்லாம் மாறியது. ஹிட்லர் நாட்டு வீரரை வீழ்த்தியவர் ஒரே இரவில் அமெரிக்கர் ஆனார். கறுப்பர் குடியிருப்புகளில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் விடிய விடியத் தெருவில் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் மட்டும் யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். கறுப்பருக்குத் தனிப் படைப்பிரிவு வைத்திருந்த ராணுவம் அது. அதற்கு ஆள் சேர்க்கும் போஸ்டரில் அவர் படம். 1942-இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்கு அப்படியே கொடுத்தார். வரித்துறையோ அதையும் அவர் வருமானமாகவே கணக்கிட்டது. வட்டியும் அபராதமுமாக பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பட்டத்தை ஏறக்குறைய 12 ஆண்டுகள் வைத்திருந்து 25 முறை காத்த மனிதர், பின்னாளில் காசுக்காக மல்யுத்த மேடை ஏறினார். கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வாசலில் வருவோர்க்குக் கைகொடுக்கும் வேலை. 1981-இல் இறந்தபோது ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அந்தச் செலவில் பங்கு கொடுத்தவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர்.

ஜான்சன் 1920-இல் தானே திரும்பி வந்து சிறைவாசத்தை முடித்துவிட்டு, 1946-இல் கார் விபத்தில் இறந்தார். மன்னிப்பு வழங்கும்படி அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் அனுப்பியும் ஒபாமா கையெழுத்திடவில்லை. 2018 மே மாதம் டிரம்ப் கையெழுத்திட்டார். 105 வருடம் நிலுவையில் கிடந்த கோப்பு. அன்று அதிபருக்குப் பக்கத்தில் நின்று புகைப்படத்துக்குச் சிரித்தவர்களில் ஒருவர், சினிமாவில் குத்துச்சண்டை வீரராக நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோன்.