பாழ்பட்ட பள்ளியும் நம் பழைய வரலாறும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில் நம் இளைஞர் நால்வரை அழைத்துக்கொண்டு, வலங்கைமானை அடுத்த ஒரு சிற்றூரில் பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்து வந்தேன். அன்று கண்டதும் அதன்பின் கருதியதுமே இக்கட்டுரைக்குப் பொருள்.

அக்கட்டடம் ஆதிதிராவிடர் நலப்பள்ளியாக விளங்கியது. அருகிலேயே கான்கிரீட் கட்டடம் எழும்பிய பிறகு கைவிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் தமிழகம் எங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்குமாறு அரசு ஆணையிட்டது. இக்கட்டடமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இடிபடுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்னும் ஆவல் எனக்கு எழுந்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தந்தையார் பயின்ற பள்ளி அது.

கட்டடம் கூறும் செய்தி

வரலாறு என்றால் கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே என எண்ணுவோர் பலர். நம்மவர்க்குக் கல்வெட்டு வெட்டித் தந்தவர் எவருமில்லை. ஆயினும் நாம் புழங்கிய இடங்கள் நமக்குச் சான்று கூறும். அந்தப் பள்ளி ஊருக்குள் இல்லை; வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மழை பெய்தால் நீர் தேங்கும் பள்ளத்தில் இருக்கிறது. ஒரே நீண்ட கூடம். ஐந்து வகுப்புகளும் அதிலேயே நடந்தன. சீமை ஓடு வேய்ந்த கூரை நடுவில் அமிழ்ந்துவிட்டது. கைமரங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஆயினும் சுவரில் சாந்து பூசிக் கருமை தீட்டிய கரும்பலகை அழியாமல் நிற்கிறது. அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து முழங்கால் உயரமே உள்ளது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து பயின்றனர் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

நாங்கள் படம் எடுப்பதைக் கண்டு, எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆயா தடியூன்றி வந்து நின்றார். "ஏன் தம்பி, இடிஞ்ச சுவத்தப் போயி படம் புடிக்கிறீங்க?" என்று கேட்டார். காரணம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தத் தூணுல சாஞ்சுதான் நான் ஆனா ஆவன்னா எழுதினேன். நடவு வந்திச்சு, ஆத்தா கூட்டிட்டுப் போயிடிச்சு. அதோட சரி" என்றார். அத்தூண் அருகில் அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்தோம். எடுத்த படங்களுள் தலையாயது அதுவே என்பது என் கருத்து.

பள்ளி நம் வாயிலுக்கு வந்த வழி

இத்தகைய பள்ளிகள் எவ்வாறு தோன்றின என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1893ஆம் ஆண்டு சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி திறந்தார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். 1920 முதல் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் நம் மக்களுக்கெனத் தனிப் பள்ளிகள், குடிநீர்க் கிணறுகள், மனைக்கட்டுகள் ஆகியவை ஏற்படுத்தப்பட்டன. 'லேபர் ஸ்கூல்' என்று நம் பெரியோர் வழங்கியது அத்துறைப் பள்ளியையே. சுதந்திரத்திற்குப் பின் அது ஹரிஜன நலத்துறைப் பள்ளியாகி, பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளி என்னும் பெயர் பெற்றது. இவை பிற பள்ளிகளோடு பள்ளிக்கல்வித் துறையின் கீழ் இணைக்கப்படும் என 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கட்டடத்தோடு பெயரும் மறையும் காலம் வரக்கூடும்.

தனிப் பள்ளி ஏன் தேவைப்பட்டது? பொதுப் பள்ளியின் கதவு நமக்குத் திறக்கவில்லை என்பதே விடை. வலங்கைமான் பெற்ற புகழ்மிக்க மைந்தர், 1869இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஏழைக் குடும்பத்தில் தோன்றிக் கும்பகோணத்தில் கல்வி கற்றுச் சென்னையில் தலைமையாசிரியராகி, உலகம் போற்றும் நாவலராக உயர்ந்தார். அவர் உயர்வை நாம் மதிக்கிறோம். ஆனால் அதே மண்ணில், அதே காலத்தில், அவரினும் ஏழையாய்ப் பிறந்த நம் பாட்டன்மார்க்குக் கும்பகோணத்துப் பள்ளி எட்டாத தொலைவில் இருந்தது. அத்தொலைவைக் கல் கணக்கில் அளக்க இயலாது.

பதிவேடும் நிலமும்

பழைய கட்டடத்தின் பதிவேடுகள் புதிய கட்டடத்தின் இரும்புப் பீரோவில் உள்ளன. அப்பள்ளித் தலைமையாசிரியர் அனுமதியோடு சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். பக்கங்கள் பழுப்பேறி ஓரம் உதிர்கின்றன. என் தந்தையார் பெயர் அதில் இருந்தது. இரண்டாம் வகுப்போடு நீக்கம். 'நீங்கிய காரணம்' என்னும் கட்டத்தில் 'தொடர்ந்து வாராமை' என்று எழுதப்பட்டிருந்தது.

அவர் வாராமல் போனதன் காரணத்தை நான் அறிவேன். பண்ணையில் பட்ட கடனுக்கு ஈடாக மாடு மேய்க்க அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது வயது எட்டு. எழுதிய ஆசிரியர் பொய் எழுதவில்லை; அவர் கட்டத்தில் அவ்வளவே அடங்கும். ஆனால் அச்சொற்களை மட்டும் படிக்கும் நாளைய ஆய்வாளர், இம்மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று எழுதிவிடக் கூடுமன்றோ? அதே பக்கத்தில் அவ்வாறே நீங்கிய பிள்ளைகள் இன்னும் பலர்.

அக்காலத்தில் தஞ்சைத் தரணியில் நம்மவர் குடியிருந்த மனையும் பெரும்பாலும் மிராசுதாரருடையதே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி அவர் மனத்தாங்கலுக்கு ஆளானால் குடிசையைப் பிரிக்க நேரும். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையாயின. 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, வாழ்ந்த மனை நம்முடையது ஆயிற்று. மனை உரிமையான பிறகே பிள்ளை அச்சமின்றிப் பள்ளியில் தங்கினான். கல்வி வரலாற்றை நில வரலாற்றினின்றும் பிரித்து எழுதுதல் ஆகாது என்பதற்கு என் தந்தையாரின் அந்த ஒரு வரியே போதும்.

பிற இடங்களில் நிகழ்ந்தவை

மகாராட்டிரத்தில் சாத்தாரா நகரப் பள்ளியின் பதிவேட்டில், 1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், 1914 என்னும் வரிசை எண்ணில் ஒரு சிறுவன் பெயர் பதியப்பட்டது. அச்சிறுவனே நம் அண்ணல் அம்பேத்கர். அப்பதிவேடு போற்றிக் காக்கப்படுகிறது. 2017 முதல் அந்நாள் அம்மாநிலத்தில் மாணவர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

புனே நகரில் மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் அம்மையாரும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய பிடே வாடா என்னும் மனையோ வழக்கில் சிக்கிச் சிதைந்து கிடந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்கு முடிந்து, நினைவுச் சின்னம் எழுப்புவதற்காக அவ்வாண்டு டிசம்பரில் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. நினைவகம் எழலாம், அம்மையார் நடந்த படிக்கட்டு இனி வாராது.

அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கென 1912 முதல் 1932 வரை ஏறத்தாழ 5000 பள்ளிகள் எழுந்தன. புக்கர் வாஷிங்டன் வழிகாட்ட, ரோசன்வால்டு என்னும் வணிகர் பொருளுதவ, அம்மக்களும் காசும் உழைப்பும் ஈந்தனர். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பான பின், அவை ஒவ்வொன்றாய்க் கைவிடப்பட்டன. இன்று எஞ்சியவை சுமார் 500. ஆண்ட்ரு ஃபைலர் என்னும் புகைப்படக்காரர் அவற்றுள் 105 பள்ளிகளைத் தேடிச் சென்று படம் எடுத்து 2021இல் நூலாக்கினார். அங்குப் படித்த முதியோரையும் அக்கட்டடங்களுள் நிறுத்தி எடுத்தார். நாம் செய்யத்தக்கதும் அதுவே.

இளைஞர்க்குச் சில சொற்கள்

தனிப் பள்ளி என்பது தீண்டாமையின் அடையாளம். அதன் அழிவுக்கு ஏன் வருந்த வேண்டும் என்று உடன் வந்த இளைஞர் ஒருவர் வினவினார். நல்ல வினா. நான் அச்சுவர்களைக் காக்க வேண்டும் என்று வாதாடவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் கூரைப் பள்ளி தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதைக் கண்ட இவ்வட்டாரத்து ஆசிரியன் எவனும், பழுதுபட்ட கூரையின் கீழ்ப் பிள்ளைகள் இருக்க ஒப்பமாட்டான். இடிக்க வேண்டுவதை இடிக்கட்டும். ஆனால் அது நம்மை ஒதுக்கிய அடையாளம் என்பதும் உண்மை; நாம் எழுத்தறிந்த இடம் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதி வைக்காவிடின், முதலாவதை மறுப்பாரும் உளர், இரண்டாவதை மறப்பாரும் உளர்.

ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் நம் இளைஞர் இதனைச் செய்தல் வேண்டும். முதலில் தலைமையாசிரியரிடம் முறைப்படி அனுமதி பெறுக. அமிழ்ந்த கூரையின் கீழ் நுழையாதீர். பாம்பும் தேளும் உண்டு. வெளியே நின்றும் சன்னல் வழியாகவும் எடுக்கலாம். நாற்புறமும் தனித்தனியே எடுத்தபின், ஊரும் பள்ளியும் ஒருங்கே தெரியுமாறு தொலைவில் நின்று ஒரு படம் எடுங்கள். இடத்தின் கதை அதில்தான் விளங்கும். திறப்பு விழாக் கல், கதவெண், கரும்பலகை ஆகியவற்றை அண்மையில் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல் வையுங்கள். அங்குப் படித்த முதியோரை அழைத்து வந்து, அவர் கூறுவதை அவர் சொல்லாகவே எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்துவிட்டால் கைப்பேசியோடு போய்விடும். ஆகவே தாளில் அச்சிட்டு, நாள், இடம், உள்ளவர் பெயர் ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். ஒரு படி பள்ளியிலும் ஒரு படி நம் கழகத்திலும் இருக்கட்டும்.

நாங்கள் எடுத்த படங்களைக் கழகத்தின் நூலகத்தில் ஒரு தொகுப்பாகச் சேர்த்துள்ளேன். என் தந்தையாரின் பதிவைப் பார்த்து எழுதிய தாளும் அதில் உண்டு. 'தொடர்ந்து வாராமை' என்னும் சொற்களின் கீழே, அவர் ஏன் வரவில்லை என்பதை என் கையால் எழுதி, நாளிட்டுக் கையெழுத்தும் இட்டிருக்கிறேன். ஆயாவின் படத்திற்குக் கீழே அவர் கூறியதை எழுதியிருக்கிறேன். அத்தொகுப்பில் வெற்றுத் தாள்கள் இன்னும் பல உள்ளன. அவற்றை நிரப்புதல் உங்கள் கடன்.

வாழ்க நம் கழகம்! வளர்க நம் கல்வி!